முறைக்காற்று

வைகாசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சேமியாக்காரத் தெருவில் காற்று முறை வைத்து வீசத் தொடங்கியது. முதல் வீட்டுக் கொடியில் கிடந்த பச்சைப் பாவாடை ஒரு தரம் எழும்பி அடங்கியது, அது அடங்கியதும் இரண்டாம் வீட்டு நிலையில் கட்டியிருந்த மாவிலை சலசலத்தது, பிறகு மூன்றாம் வீட்டு நாட்காட்டி ஒரு தாளைத் தூக்கிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது, இப்படியே வீடு வீடாக நடந்து பதினாறாம் வீட்டுத் தையல்காரர் சீனியப்பனின் துண்டுத் துணிகளைக் கலைத்த கையோடு, எங்கும் இளைப்பாறாமல் மறுபடி முதல் வீட்டுக்குப் போய் அதே பச்சைப் பாவாடையைத் தூக்கியது.

பங்குனிக் கடைசியிலிருந்தே அந்தத் தெருவில் காற்று இல்லை. திருமங்கலத்தின் மற்ற தெருக்களில் ஏதோ கொஞ்சம் இருந்தது, இங்கே மட்டும் இல்லை. பேருக்குத்தான் சேமியா, பதினாறு வீட்டிலும் அப்பளம்தான் தேய்க்கிறார்கள், வெறும் வெயிலில் காய்ந்த அப்பளம் ஓரம் சுருண்டு கிண்ணமாகிவிடும். ஆகவே காற்று வந்தபோது தெரு வியந்து நிற்கவில்லை. நேரம் தவறி வந்த பேருந்தில் ஏறுகிறவர்களைப் போல, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்ற முகத்தோடு அவரவர் பாயை வாசலுக்கு இழுத்துப் போட்டு அப்பளத்தைப் பரத்தினார்கள்.

எட்டாம் வீட்டு முத்திருளாயி மட்டும் நடுத் தெருவில் நின்று விரல் விட்டு எண்ணினாள். தெரு முழுக்க மாவு கொடுத்து அப்பளம் வாங்குகிறவள் அவள்தான், எண்ணாமல் எதையும் ஏற்றுக்கொண்ட பழக்கம் அவளுக்கு இல்லை. பதினாறு, விட்டுப்போனது ஒன்றுமில்லை. காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் தன் வீட்டு மாடியறையிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வருவதையும் அவள் கவனித்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள்.

"ஏத்தா தெய்வான, காத்த நீயா விடுற?"

தரையில் உட்கார்ந்திருந்த தெய்வானை பதறி எழுந்தாள். "நான் தாளம்தான் போட்டேன்க்கா. சத்தம் ஜாஸ்தியா இருந்தா நிறுத்திர்றேன்."

"நிறுத்துனா கையை ஒடிச்சிருவேன். மாவு தேச்சு விரிச்சாச்சு."

முத்திருளாயியின் மாடியறையில் வாடகைக்கு இருந்த தெய்வானைக்கு முப்பத்தொரு வயது. பகலில் மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பாள். திருவிழாக் காலத்தில் பாடகர் பரமானந்தத்தின் மெல்லிசைக் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்து ரிதம் பேட் வாசிப்பாள். சென்னையில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தை மூடியபோது, யாருக்கும் வேண்டாமல் கிடந்த இரண்டு சிந்தசைசர்களைக் கேட்டு வாங்கி, பெரியதைப் பேருந்துக் கூரையிலும் சின்னதை மடியிலும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நாற்பது வயதான பெட்டிகள். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, நினைவு கிடையாது, மின்சாரம் ஓடும், பாகங்கள் சூடாகும், சூடேறச் சூடேறச் சுருதி மெல்ல நழுவும், நடுப்பகலில் ஈரத் துண்டைப் போர்த்தினால் திரும்ப வரும்.

இரண்டையும் ஓட்டுவதற்கு ஒரு ரிதம் பாக்ஸ் வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலம், வரிசையாகப் பதினாறு பொத்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு. எந்தப் பொத்தானை அழுத்தி எரியவிடுகிறோமோ அந்த இடத்துக்குத் தாளம் வந்ததும் டொக் என்று அடி விழும், அதே நொடியில் ஒரு சிட்டிகை மின்சாரம் ஒயர் வழியாகப் போய் சிந்தசைசர்களைத் தட்டிவிடும். தட்டு வாங்கியதும் பெரிய பெட்டி, அவள் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் சுரங்களில் அடுத்ததற்கு நகரும். சின்னது உஸ்ஸென்று ஒரு மூச்சு விடும். அணைந்த பொத்தானுக்குத் தாளம் வந்தால் ஒன்றும் நடக்காது, முன்னால் ஒலித்த சுரம் நீண்டு நிற்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பதினாறையும் எரியவிட்டிருந்தாள், அவ்வளவுதான்.

எந்த விளக்கு எந்த வீடு என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வரிசை பிசகாமல் ஒன்றுக்கு ஒன்று. அந்தப் பக்கத்து ஊர்களில் கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத் திறப்பார்கள், மடையில் ஆள் நிற்கும், இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று கணக்கிருக்கும். தெருவிலிருந்த பலர் கண்மாய்க்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், காற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலை பத்திலிருந்து நான்கு மணிவரை முறைக்காற்று. தாளத்தின் வேகம் ஆக மெதுவில், ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி. பொத்தானுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் அந்தந்த வீட்டுப் பேர். வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் மாடியேறி வந்து, தெய்வானையின் சாலிடரிங் கம்பியைத் தள்ளி வைத்துவிட்டு, பதினாறு பொத்தானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள்.

தெரு காற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. சாம்பிராணி போடுகிறவர்கள் தங்கள் முறை கழிந்ததும் போட்டார்கள். ஐந்தாம் வீட்டுப் பஞ்சவர்ணத்தின் கைக்குழந்தை, மூன்று மூச்சுக்கு ஒரு காற்று என்று கணக்கு வைத்துக்கொண்டு தூங்கியது. நான்காம் வீட்டு வாசலில் நின்று வார்டு கவுன்சிலர் திறப்புவிழா எப்போது வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தார், ஆறு விநாடிக்கு ஒரு தரம் அவர் வலமிருந்து இடமாகச் சீவியிருந்த முடி முழுசாக எழும்பி நின்று விழுந்ததில், மூன்றாவது சுற்றோடு விடைபெற்றுக்கொண்டார். மேலத் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஓர் இணைப்பு கேட்டு வந்தார்கள். "ஒயர் எட்டாது" என்று முத்திருளாயி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

காற்று சுவரை அல்ல, ஆட்களை அடையாளம் வைத்திருக்கிறது என்பதும் போகப்போகத் தெரிந்தது. சீனியப்பன் டீ குடிக்கப் பேருந்து நிலையம் போனாலும் அவர் சட்டைக் காலர் முறை தவறாமல் எழும்பியது. அவருக்கு அதில் பெருமைதான், இருந்தாலும் குறை சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். "பதினஞ்சு வீட்டு வேர்வையைத் தொடச்சிட்டுக் கடைசியாத்தான் எங்கிட்ட வருது. மேல் மடைக்காரனுக்குத் தெளிஞ்ச தண்ணி, கீழ் மடைக்காரனுக்குக் கலங்கலா?"

இத்தனையிலும் தெய்வானைக்கு வேண்டியது காற்று இல்லை. வைகாசிப் பொங்கலுக்குக் காளியம்மன் கோயில் பொட்டலில் பரமானந்தத்தின் கச்சேரி இருந்தது. பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, அதில் முதல் எட்டு நிமிடத்தை அவள் வாங்கியிருந்தாள். பாட்டு இல்லை, பாடகர் இல்லை, அவளும் அந்தப் பெட்டிகளும் மட்டும், அவளே கட்டிய ஒரு மெட்டு.

"எட்டு நிமிசம் தர்றேன்" என்று பரமானந்தம் சொல்லியிருந்தார். "ஆனா கூட்டம் டீ குடிக்க எந்திரிச்சுப் போச்சுன்னு வையி, அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பேடு உண்டு, நீ உண்டு."

"சரிண்ணே" என்று அவள் சொன்னாள். 

அவளுடைய மெட்டுக்கு ஏழு விளக்கு எரிய வேண்டும், ஒன்பது அணைந்திருக்க வேண்டும், எந்த ஒன்பது என்றாலும் அவள் சமாளித்துக்கொள்வாள். பதினாறும் எரிந்தால் அது தாளமே இல்லை, பெரிய பெட்டி பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சுரங்களைக் கொட்டிவிட்டுப் போகும். ரிதம் பாக்ஸின் நினைவுக்கான பேட்டரி செத்து வெகுநாளாயிற்று, ஆகவே தெருவுக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று இரண்டு தாளத்தை அதில் வைக்கவும் வழியில்லை. நான்கு மணிக்குமேல் தனக்கென்று வாசித்துப் பார்க்கலாம் என்று நினைத்து, முதல் நாள் தாளத்தை ஓடவிட்டு நான்காம் பொத்தானை அமுக்கி அணைத்ததுதான் தாமதம், காற்றுத் தப்பிய நான்காம் வீட்டிலிருந்து குரல் வந்தது.

"யாரது எங்க வீட்டு விளக்கை அமத்துனது?"

அதில்தான் சிக்கல். காற்று நின்றதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், நான்கு மணிக்குமேல் எப்படியும் காற்று கிடையாது. ஆனால் பேர் எழுதி, பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமையும் பார்த்தாகிவிட்டது, இனி அது பொத்தான் இல்லை, வீட்டு விளக்கு. விளக்கை ஊதி அணைக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது, அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார்கள், மலையேற்றுவது என்பார்கள், அதற்கும் நேரம் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கப் பதினாறும் அடி விழாமல் சும்மா எரிந்துகொண்டிருக்கட்டும் என்று முடிவாயிற்று. தெய்வானை காதில் ஒன்றும் விழாமல், விரலால் தரையில் தட்டித் தட்டித் தன் மெட்டைப் பழகினாள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு சீனியப்பன் தெருக்கூட்டம் கூட்டினார். முறை நேரம் போதவில்லை, ஆறு விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது, வேகத்தைக் கூட்டினால் எல்லோருக்கும் சீக்கிரம் சீக்கிரம் வரும், யாருக்கும் நட்டமில்லை என்றார். நியாயமாகத்தான் பட்டது. "வேண்டாம்ண்ணே, இடைவெளி இருந்தாத்தான்..." என்று தெய்வானை ஆரம்பித்தாள், அதற்குள் கை தூக்கி முடித்துவிட்டார்கள். வேகக் குமிழை அவள் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள். திருப்பினாள். ஒன்றாம் வீட்டுக் காற்று அடங்குமுன்னே இரண்டாம் வீட்டுக் காற்று கிளம்பியது, பிறகு எது எந்த வீட்டுக் காற்று என்றே தெரியவில்லை, பதினாறும் ஒட்டிக்கொண்டு ஒரே காற்றாகித் தெருவைத் தலைப்பிலிருந்து கடைசிவரை உருவியது. பாய்களிலிருந்த அப்பளம் அத்தனையும் கொக்குக் கூட்டம் மாதிரி ஒன்றாக எழுந்து, கூரைக்குமேல் ஒரு வட்டம் அடித்து, பேருந்து நிலையம் பக்கமாகப் போயின. ராஜபாளையம் போகிற பேருந்தின் கூரையில் காய்ந்து, இறங்கும்போது பொரிந்தே இருந்தன என்று சிலர் சொல்கிறார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. ஓட்டுநரின் மடியில் நான்கைந்து விழுந்தது உண்மை.

முத்திருளாயி காலிப் பாய்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு சீனியப்பனிடம், "கலங்கல் தண்ணி தெளிஞ்சிருச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலமே வேகம் பழையபடி ஆறு விநாடிக்கு இறங்கியது. ஆனால் விளக்கு விஷயத்தில் யாரும் இறங்கவில்லை.

பொங்கலன்று காலையில் தெய்வானை தலைக்குக் குளித்துவிட்டு வீடு வீடாகப் போனாள். யாருக்கும் தெரியாமல் மேடையில் ஒன்பதை அமுக்கிவிட்டால் போகிறது என்று ஒரு யோசனை அவளுக்கு வராமலில்லை. ஆனால் பிளாஸ்திரியில் இருந்தது அவரவர் கையெழுத்து. கேட்காமல் அதைத் தொட அவளால் முடியாது.

மூன்றாம் வீட்டுப் பேச்சிமுத்து, "எங்க விளக்கா? நல்ல நாளும் அதுவுமா?" என்றார். "ஆறாம் வீட்டுல கேளு தாயி. அவுக வீட்டுல நாலு ஃபேன் இருக்கு."

ஆறாம் வீட்டில் பன்னிரண்டாம் வீட்டைக் காட்டினார்கள். பன்னிரண்டில் மூன்றைக் காட்டினார்கள்.

பஞ்சவர்ணம் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "இவனுக்கு இன்னும் பேரே வைக்கலையேக்கா" என்றாள். தெய்வானை குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

சீனியப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "கடைசி வீட்டுக்காரன்னா எல்லாத்துக்கும் இளக்காரம்."

"நீங்களாச் சொல்லாம நான் அணைக்க மாட்டேன்ண்ணே."

"ஐயையோ, அந்த வார்த்தையைச் சொல்லாத!" என்று அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

முத்திருளாயியிடம் அவள் கேட்கவே இல்லை. விளக்கு போகாதபடி ரிதம் பாக்ஸை ஆட்டோ பேட்டரியில் மாட்டிவிட்டுப் பெட்டிகளை ஏற்றும்போது முத்திருளாயியே வந்து, "எத்தனை பேரு சரின்னாக?" என்றாள்.

"யாருமில்லக்கா."

"உன் பேருக்கு ஒரு பொத்தான் இருந்தா அதையாவது அமத்தலாம். அதுவும் இல்ல." முத்திருளாயி ஈரத் துண்டு ஒன்றைப் பெரிய பெட்டியின்மேல் விரித்துவிட்டாள். 

பொட்டலில் நல்ல கூட்டம். சேமியாக்காரத் தெரு மொத்தமும் மேடைக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு பாய் என்று பதினாறு பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஆறரை மணிக்குத் தெய்வானை பதினாறு விளக்கும் எரிய, தாளத்தைத் தன் மெட்டின் வேகத்துக்கு ஏற்றி விட்டாள். காற்று பாய் பாயாகத் தாவிப் போனது. பெரிய பெட்டி பாடம் ஒப்பித்தது. டொக்டொக்டொக்டொக் என்று அடி விழுந்துகொண்டே இருந்தது, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டு நிமிடம் கழியுமுன்னே பின்வரிசை எழுந்தது. அதற்கு முன்வரிசையும் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டது. டீக்கடைப் பக்கம் சலசலப்பு கேட்டது. மேடை ஓரத்தில் பரமானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தன் மைக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

தெய்வானை தலையைத் தூக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பதினாறு பொட்டும் கலங்கின. ஒன்பது பொத்தான்தான், ஒன்பது விரல் நொடிதான். அவள் கை அதற்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை.

முத்திருளாயி திரும்பிக் காலியாகிற பொட்டலைப் பார்த்தாள். எண்ணினாள். எண்ணி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"தெய்வான! எட்டாம் வீட்டு விளக்க மலையேத்து!"

"அக்கா... நல்ல நாளு..."

"நல்ல நாள்லதான் எம் மாடிக்காரி மேடையில உக்காந்திருக்கா. ஏத்துன்னா ஏத்து!"

தெய்வானை எட்டாம் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு போயிற்று. அடுத்த சுற்றில் எட்டாம் இடத்தில் அடி விழவில்லை, முத்திருளாயியின் பாயில் காற்று வரவில்லை, ஏழாம் சுரம் தன் இடத்தைத் தாண்டி நீண்டு நின்று, முதல் தடவையாக அந்த மெட்டு மூச்சு விட்டது. டீக்கடையில் கிளாஸை வாயில் வைத்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், எட்டாம் நம்பருக்குத்தான் மனசு இருக்கா?" சீனியப்பன் துள்ளி எழுந்தார். "பதினாறு! நம்மளதையும் ஏத்து!"

அதன்பிறகு ஏலம் போலாயிற்று. பன்னிரண்டு என்றார்கள், இரண்டு என்றார்கள், பத்து என்று ஒரு குடும்பமே சேர்ந்து கத்தியது. ஒவ்வொரு விளக்கு மலையேறும்போதும் மெட்டில் ஓர் இடம் காலியாகி, அந்தக் காலியில் பக்கத்துச் சுரம் கால் நீட்டி உட்கார்ந்தது. ஒன்பதாவதும் ஆயிற்று. ஆனால் தெரு நிற்கிறதாக இல்லை.

"மூணு! மூணாம் வீடு!" என்றார் பேச்சிமுத்து.

"வேணாம்ண்ணே, ஒம்பது ஆயிருச்சு, மூணு எரியணும்!" தெய்வானை வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து கத்தினாள்.

"எல்லாருதும் ஆகும், எங்க விளக்கு மட்டும் ஆகாதா?"

"எல்லாம் மலையேறுனா அப்புறம் என்னத்த வாசிக்க? உக்காருங்கண்ணே, உங்களை வச்சுத்தான் ஓடுது!"

பேச்சிமுத்து உட்கார்ந்தார். தன்னை வைத்துத்தான் ஓடுகிறது என்று பக்கத்துப் பாய்க்காரருக்கு இன்னொரு தடவை சொன்னார். ஐந்தாம் விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை, அது எரிந்துகொண்டேயிருந்தது, பஞ்சவர்ணத்தின் பிள்ளை அதன் காற்றில் கால் உதைத்துக்கொண்டு கிடந்தது.

காற்றில்லாத ஒன்பது பாய்க்காரர்களுக்கு, தங்கள் முறை வெறுமனே வந்து போவது பழக்கமில்லாததாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. எட்டாம் இடம் வந்ததும் முத்திருளாயி ஒரு தட்டு தட்டினாள். பதினாறில் சீனியப்பன் தட்டினார். பிறகு ஒன்பது வீடும் அவரவர் முறையில், ஒருவர் முறையில் ஒருவர் புகாமல், கை தட்டத் தொடங்கியது. ஏழு இடத்தில் காற்று, ஒன்பது இடத்தில் கை. டீக் கிளாஸோடு போனவர்கள் கிளாஸோடே திரும்பி வந்தார்கள், கிளாஸைத் தேடிக்கொண்டு டீக்கடைக்காரரும் வந்து அப்படியே நின்றுவிட்டார். சின்னப் பெட்டி உஸ்ஸென்று விட்ட மூச்சில் கோயில் வேம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

எட்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. மேடையில் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் பாடகரின் கையைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள், நிறுத்துவார்கள், அதுதான் வழக்கம். பரமானந்தம் மைக்கைப் பிடித்து, அடுத்த பாட்டை அறிவிக்க வாயைத் திறந்தார். கை தட்டு குறுக்கே விழுந்தது. மறுபடி திறந்தார், காற்று வந்து சொல்லை அள்ளிக்கொண்டு போயிற்று. மூன்று சுற்று தவறவிட்ட பிறகு, முப்பது வருடம் மேடையேறிய அந்த மனிதர் மெல்லத் திரும்பி, எங்கே நுழைவது என்று தெரியாமல், தெய்வானையின் கையைப் பார்த்தார்.

அவள் பார்த்துவிட்டாள். இன்னும் ஒரு முழுச் சுற்று அவரை நிற்க வைத்துவிட்டு, ஐந்தாம் விளக்கில் தலையசைத்தாள்.